தேர்தல் ஆணையத்தின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்ப்பது எப்படி: நாளும் வாசலும்

1951 நவம்பரில், நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்காக, அன்றைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலர் பரிசீலனையின்போது நிராகரித்தார். பொன்னுசாமி உடனே சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, அந்த நிராகரிப்பை ரத்து செய்து வேட்பாளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். தேர்தலின் நடுவே தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. 1952 ஜனவரி 21 அன்று, நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பில், உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 'தேர்தல்' என்ற சொல் வாக்குப்பதிவு நாளை மட்டும் குறிக்காது. அறிவிக்கை வெளியாவதில் தொடங்கி முடிவு அறிவிக்கப்படும் வரை நடப்பவை அனைத்தையும் குறிக்கும். அந்த இடைவெளியில் எழும் குறை எதுவானாலும் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் வழக்கில், அதாவது வெற்றியாளரின் தேர்வை எதிர்த்துத் தொடுக்கும் தனி வழக்கில்தான் எழுப்ப வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விதி அசையவில்லை.

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட வேட்பாளரோ, கட்சி நிர்வாகியோ, பட்டியலில் பெயர் விடுபட்ட வாக்காளரோ, அவர்களுக்காக மனு எழுத உட்காரும் இளம் வழக்கறிஞரோ முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு தேதிகள்: எதிர்க்கப்படும் உத்தரவின் தேதி ஒன்று, தேர்தல் அறிவிக்கை வெளியான தேதி மற்றொன்று. உத்தரவு எவ்வளவு தவறானது என்ற கேள்விக்கு முன்பே, இவ்விரு தேதிகளுக்கும் இடையிலான உறவு எந்த நீதிமன்றத்தின் வாசல் திறந்திருக்கிறது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. நல்ல வழக்குகள் பல தோற்பதற்குக் காரணம் சட்ட வாதத்தின் பலவீனமன்று, தவறான நாளில் தவறான வாசலைத் தட்டியதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு சொல் விளக்கம். இங்கே 'நீதிமன்ற மறுஆய்வு' என்பது, அரசமைப்பு சார்ந்த ஓர் அமைப்பு தன் அதிகார எல்லைக்குள், முறைப்படி செயல்பட்டதா என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஆராய்வதாகும். நாளிதழ்களில் அடிக்கடி வரும் 'சீராய்வு மனு' வேறு. அது நீதிமன்றம் தன் சொந்தத் தீர்ப்பையே மீண்டும் பார்க்குமாறு கேட்பது.

ஆணையத்தின் அதிகாரத்தை அளந்து பார்த்தல்

அரசமைப்புச் சட்டத்தின் 324-ஆவது உறுப்பு, வாக்காளர் பட்டியல் தயாரிப்பையும், நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றங்கள், குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய தேர்தல்களின் நடத்தையையும் மேற்பார்வையிட்டு, நெறிப்படுத்தி, கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. இந்த அதிகாரத்தின் ஆழத்தை அளந்த வழக்கு 1977-இல் பஞ்சாபின் பெரோஸ்பூரிலிருந்து வந்தது. அந்த மக்களவைத் தொகுதியில் வாக்கு எண்ணிக்கையின்போது நடந்த வன்முறையில் வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டதால், தொகுதி முழுவதற்கும் நடந்த வாக்குப்பதிவை ரத்து செய்து மறுவாக்குப்பதிவுக்கு ஆணையம் உத்தரவிட்டது. வேட்பாளர் மொகிந்தர் சிங் கில் அதை எதிர்த்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின்படி, சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் 324-ஆவது உறுப்பு ஆணையத்துக்குக் கைகொடுக்கும் அதிகாரத் தேக்கமாகும். ஆனால் சட்டம் பேசியிருக்கும் இடத்தில் ஆணையம் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். மேலும் அது நல்லெண்ணத்துடனும் இயற்கை நீதியைப் பின்பற்றியும் நடக்க வேண்டும்.

மனு எழுதுபவருக்கு அதே தீர்ப்பு இன்னொரு கருவியையும் தருகிறது. ஓர் உத்தரவு செல்லுமா என்பதை அந்த உத்தரவில் எழுதப்பட்டிருக்கும் காரணங்களைக் கொண்டே பார்க்க வேண்டும். வழக்கு வந்த பிறகு எதிர்மனுவில் புதிய காரணங்களைச் சேர்த்து அதை நிமிர்த்தக் கூடாது. ஆகவே முதல் வேலையாக உத்தரவின் முழு நகலைப் பெறுங்கள். செய்திக்குறிப்பையோ தொலைக்காட்சித் துணுக்கையோ வைத்து மனு எழுதாதீர்கள். உத்தரவில் காரணமே இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் வாதம்.

சட்டம் பேசியிருக்கும் இடம் எது என்று கண்டுபிடிப்பதற்குக் கேரளத்தின் பரவூர் வழக்கைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 1982 சட்டமன்றத் தேர்தலில் அத்தொகுதியின் 84 வாக்குச்சாவடிகளுள் 50-இல் ஆணையம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பயன்படுத்தியது. சிவன் பிள்ளை 123 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார், தோற்ற ஏ.சி. ஜோஸ் தேர்தல் வழக்குத் தொடுத்தார். இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் ஆழமாகப் போகவில்லை. அன்றைய சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டைத்தான் குறிப்பிட்டன, 324-ஆவது உறுப்பைக் காட்டி அவற்றைத் தாண்ட முடியாது என்று கூறி, 1984-இல் அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். பின்னர் 1989-இல் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகே இயந்திரங்களுக்குச் சட்ட அடிப்படை கிடைத்தது. உங்கள் மனுவிலும் இதே ஒழுங்கு வேண்டும்: இந்தப் பொருள் பற்றி 1950, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களும் அவற்றின் கீழ் வந்த விதிகளும் என்ன சொல்கின்றன, ஆணையத்தின் உத்தரவு அவற்றோடு எந்த வரியில் மோதுகிறது என்பதை முதல் சில பத்திகளிலேயே காட்டிவிட வேண்டும். மோதல் இல்லாத இடத்தில் '324-ஐ மீறிவிட்டார்கள்' என்று பொதுவாக எழுதினால் அது நிற்காது. வேட்பாளர்களின் குற்ற வழக்கு, சொத்து விவரங்களைக் கேட்டு வாங்குமாறு 2002-இல் உச்ச நீதிமன்றமே ஆணையத்தைப் பணித்ததும், சட்டம் மௌனமாக இருந்த இடத்தை இதே உறுப்பால் நிரப்பித்தான்.

அறிவிக்கைக்கு முன்பு

வாசல் அகலமாகத் திறந்திருக்கும் காலம் இதுதான். வாக்காளர் பட்டியல் தயாரிப்பு, தேர்தல் வழக்கின் வழியாக அன்றித் தேர்தலைக் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்னும் 329-ஆவது உறுப்பின் (ஆ) கூறு சொல்லும் 'தேர்தல்' என்பதற்குள் அடங்காது என்று மேற்கு வங்கம் தொடர்பான லட்சுமி சரண் சென் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும், தேர்தலையே தள்ளிப்போடும் இயல்புடைய இடைக்கால உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் வழங்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல், முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் விசாரணையின் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

தனிப்பட்ட ஒரு வாக்காளரின் பெயர் விடுபட்டிருந்தால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. போனாலும் 'சட்டம் தந்த வழி இருக்கிறதே' என்ற கேள்வி வரும். சேர்ப்பதற்குப் படிவம் 6, ஆட்சேபத்துக்கும் நீக்கத்துக்கும் படிவம் 7, திருத்தத்துக்குப் படிவம் 8. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் 15 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் மீது மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உரிமையியல் நீதிமன்றங்களை இதில் தலையிடாமல் தடுப்பதால், முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது வீண்வேலை. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

குறை ஒருவருடையதாக இல்லாமல், நடைமுறையே தவறானது என்பது வாதமானால் நீதிப்பேராணை மனு (அரசு அமைப்புக்கு நேரடி உத்தரவு கோரி உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ தாக்கல் செய்வது) பொருத்தமானது. பீகாரில் வாக்காளர் பட்டியலைச் சிறப்புத் தீவிரத் திருத்தம் செய்ய ஆணையம் 2025 ஜூன் 24 அன்று பிறப்பித்த உத்தரவு இப்படித்தான் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் திருத்தப் பணியை நிறுத்தவில்லை. ஆனால் வரைவுப் பட்டியலில் இடம்பெறாத சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்றும், ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்குமாறு செப்டம்பர் 8 அன்றும் உத்தரவிட்டது. நிறுத்தக் கேட்டால் கிடைக்காத ஒன்று, வெளிப்படைத்தன்மையைக் கேட்டால் கிடைக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். கோரிக்கைப் பத்தியை எழுதும் கலையின் பாதி இதில்தான் இருக்கிறது.

தேர்தல் நடைமுறையோடு நேரடியாக ஒட்டாத முடிவுகளும் இந்த வகையில் சேரும். சின்னங்கள் ஆணை 1968-இன் 15-ஆவது பத்தியின் கீழ், பிளவுபட்ட கட்சியில் எந்த அணி உண்மையான கட்சி என்று ஆணையம் தீர்மானிக்கிறது. காங்கிரஸ் பிளவில் அந்த அதிகாரத்தையும் பெரும்பான்மை அளவுகோலையும் 1971-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரட்டை இலைச் சின்னம் 2017 மார்ச்சில் முடக்கப்பட்டு, நவம்பரில் பழனிசாமி, பன்னீர்செல்வம் தரப்புக்கு வழங்கப்பட்டபோது, அதை எதிர்த்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்து 2019 பிப்ரவரியில் தள்ளுபடியானது. இத்தகைய வழக்குகளில் ஆணையம் எடைபோட்ட சான்றுகளை நீதிமன்றம் மறுபடி எடைபோடாது. அளவுகோல் சரியா, இருதரப்பும் கேட்கப்பட்டதா என்பதையே பார்க்கும். கேட்கப்படவில்லை என்றால் நிலைமை மாறிவிடும். ஆதாயப் பதவி (அரசின் கீழ் ஊதியமோ சலுகையோ தரும் பதவி) விவகாரத்தில் ஆம் ஆத்மி கட்சியின் 20 சட்டமன்ற உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்யலாம் என்று ஆணையம் தந்த கருத்தின் மேல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த உத்தரவை, நேரில் வாதாட வாய்ப்பளிக்கவில்லை என்ற காரணத்தால் 2018 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து, ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது.

ஆணையர்களின் நியமனத்தை எதிர்ப்பது தனித் தடம். அனூப் பரன்வால் வழக்கில் 2023 மார்ச் 2 அன்று, சட்டம் வரும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி கொண்ட குழு பரிந்துரைக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சர் ஒருவரை அமர்த்தியது.

அறிவிக்கைக்கும் முடிவுக்கும் இடையே

329-ஆவது உறுப்பின் (ஆ) கூறு, அரசமைப்புச் சட்டத்தில் வேறெங்கும் என்ன கூறப்பட்டிருந்தாலும், தேர்தல் வழக்கின் வழியாக அன்றி எந்தத் தேர்தலையும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்கிறது. அந்தத் தொடக்கச் சொற்களால்தான் நீதிப்பேராணை பிறப்பிக்க உயர் நீதிமன்றத்துக்கு உள்ள 226-ஆவது உறுப்பு அதிகாரமும் இங்கே ஒதுங்கி நிற்க நேர்கிறது. வேட்புமனு நிராகரிப்பு, சின்னம் மறுப்பு, மறுவாக்குப்பதிவு உத்தரவு ஆகியவை பொதுவாக இந்தத் தடைக்குள் வந்துவிடும். பெரோஸ்பூர் வழக்கிலும் இறுதியில் நீதிமன்றம் கில்லைத் தேர்தல் வழக்குக்குத்தான் அனுப்பியது.

இருந்தும் ஒரு சிறு கதவு உண்டு. அதன் அளவைச் சொல்வது 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதி ஆர்.சி. லகோட்டி எழுதிய அசோக் குமார் வழக்கின் தீர்ப்பு. தேர்தலைக் குறுக்கிடவோ, தடுக்கவோ, இழுத்தடிக்கவோ கோரும் மனு அப்போது ஏற்கப்படாது. தேர்தல் சீராக நடக்க உதவுவதும், தடங்கலை நீக்குவதும், முடிவு வருவதற்குள் அழிந்துவிடக்கூடிய முக்கியச் சான்றைப் பாதுகாப்பதும் ஏற்கப்படலாம். ஆணையம் தீய நோக்குடனோ தன்னிச்சையாகவோ நடந்தது என்பதற்குத் தெளிவான, வலுவான ஆதாரம் இருந்தால் மறுஆய்வு உண்டு. ஆனால் தேர்தலை எதிர்ப்பதற்கு அதை ஒரு சாக்காகப் பயன்படுத்த இடம் தரக் கூடாது என்றும் தீர்ப்பு எச்சரிக்கிறது. எனவே இந்தக் காலத்தில் மனு எழுதினால், 'வாக்கு எண்ணிக்கையை நிறுத்துக' என்று கேட்காதீர்கள். 'எண்ணிக்கையின் காணொளிப் பதிவைப் பாதுகாக்க உத்தரவிடுக' என்று கேளுங்கள். அதற்கு முன், ஆணையத்துக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் எழுத்து மூலம் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்காமலேயே செயலுறுத்தும் பேராணை (ஒரு கடமையைச் செய்யுமாறு நீதிமன்றம் இடும் கட்டளை) கோருவது பலவீனம். ஆணையம் தில்லியில் இருந்தாலும், வழக்கின் காரணம் தமிழ்நாட்டில் எழுந்திருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ மனுவைத் தாக்கல் செய்யலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கட்டம் அந்நியமானதன்று. பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும் ரத்தாயின. 2019 ஏப்ரல் 18-இல் வாக்குப்பதிவு நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தலின் அறிவிக்கை, ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், இரண்டு நாள் முன்னதாகக் குடியரசுத் தலைவரால் திரும்பப் பெறப்பட்டது. அதை எதிர்த்த மனுக்களை மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட் 5 அன்று வேலூர் வாக்களித்தது. நீதிமன்ற அறையில் வாய்மொழியாக வரும் கடுமையான கருத்துகளை வெற்றியாக எண்ணி ஏமாற வேண்டாம் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு: 2021 ஏப்ரலில் கொரோனாப் பரவல் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையத்தைப் பற்றிக் கூறியவை நாடெங்கும் தலைப்புச் செய்தியாயின. ஆனால் எழுதப்பட்ட உத்தரவில் அவை இல்லை என்பதால் நீக்குவதற்கே ஒன்றுமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு

இனி எல்லாம் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கையில். தேர்தல் வழக்கை உயர் நீதிமன்றத்தில், வெற்றி பெற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எந்த நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. காலவரையறைச் சட்டத்தின் தாமத மன்னிப்பு இங்கே செல்லாது. வேட்பாளர் மட்டுமன்றி அத்தொகுதியின் எந்த வாக்காளரும் வழக்குத் தொடுக்கலாம். மனுவை வழக்கறிஞரிடம் கொடுத்தனுப்பாமல் மனுதாரரே நேரில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு நகலிலும் அது உண்மை நகல் என்று மனுதாரர் தம் கையொப்பத்துடன் சான்றளிக்க வேண்டும். செலவுக்கான பிணையமாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். 81, 82, 117-ஆவது பிரிவுகளில் எதை மீறினாலும் மனுவைத் தள்ளுபடி செய்தே தீர வேண்டும் என்று 86-ஆவது பிரிவு நீதிமன்றத்தையே கட்டிப்போடுகிறது.

யாரை எதிர்தரப்பாகச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேறொருவரை வெற்றியாளராக அறிவிக்கக் கோரினால், போட்டியிட்ட அனைவரையும் சேர்க்க வேண்டும். எந்த வேட்பாளர் மீது ஊழல் நடவடிக்கை சுமத்தப்படுகிறதோ அவரையும் விடக் கூடாது. ஆனால் ஆணையத்தின் செயலையே குறைகூறும் மனுவாக இருந்தாலும் ஆணையத்தைச் சேர்க்க முடியாது. இந்தச் சட்டம் பெயரிட்டவர்கள் மட்டுமே தரப்பினர் என்று 1982-இல் ஜோதி பாசு வழக்கிலும், அதைப் பின்பற்றிப் பின்னரும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விசித்திரமாகத் தோன்றினாலும் இதுவே நிலை: ஆணையத்தின் உத்தரவு தவறென்பதை, ஆணையம் இல்லாத வழக்கில், வென்றவரை எதிர்த்து நிறுவ வேண்டும்.

எதை நிறுவுவது என்பதை 100-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு வேட்புமனு தவறாக நிராகரிக்கப்பட்டிருந்தால் அதுவே போதும், முடிவு மாறியிருக்குமா என்று காட்டத் தேவையில்லை. பொன்னுசாமிகளுக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் இது. தவறான ஏற்பு, வாக்குகளைத் தவறாகச் சேர்த்தல் அல்லது நிராகரித்தல், சட்டத்தையும் விதிகளையும் மீறுதல் ஆகியவற்றுக்கோ, முடிவு அதனால் கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் எண்களால் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே முக்கிய உண்மைகளை வாக்குச்சாவடி எண், சுற்று எண், வாக்கு எண்ணிக்கை ஆகியவற்றோடு எழுதுங்கள். இயந்திரங்கள் மீது ஐயம் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வெளியான 7 நாள்களுக்குள் எழுதிக்கொடுத்து, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைச் சரிபார்க்கக் கோரலாம். கட்டணத்தை அவர்களே கட்ட வேண்டும்.

விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நடப்பதை இராதாபுரம் காட்டியது. 2016-இல் 49 வாக்குகளில் தோற்ற மு. அப்பாவு, சான்றொப்பக் காரணத்தால் 203 தபால் வாக்குகள் தவறாக நிராகரிக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். மறுஎண்ணிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணி முடித்தும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இதற்கிடையே அந்தச் சட்டமன்றத்தின் காலமே 2021-இல் முடிந்துவிட்டது. தேர்தலின் நடுவே தலையிடக் கூடாது என்ற விதிக்கு நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் பின்னால் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட தீர்வு பதவிக்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்த நியாயம் பாதியாகிவிடுகிறது. ஆகையால் மனுவிலேயே அன்றாட விசாரணை கோரும் 86-ஆவது பிரிவை எடுத்துக்காட்டி, சாட்சிகளின் பட்டியலைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மீது 30 நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 243-ஓ, 243-இசட்ஜி உறுப்புகள் அங்கும் இதே தடையை வைக்கின்றன; தேர்தல் வழக்கு மாவட்ட நீதிபதியிடம் போகும், காலக்கெடுவை அந்தந்த உள்ளாட்சிச் சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தடை இருந்தும், 2016 அக்டோபரில் இடஒதுக்கீட்டுக் குறைகளுக்காகத் தமிழ்நாட்டின் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பர் 6 அன்று, புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட 9 மாவட்டங்களை மட்டும் விலக்கி, மற்ற மாவட்டங்களில் தேர்தலை நடத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வார்டு மறுவரையறையும் இடஒதுக்கீடும் சட்டப்படி முடிந்தனவா என்பதே அவ்வழக்குகளின் அச்சாணி. உங்கள் ஊரிலும் அந்தக் குறை இருந்தால், வார்டு ஒதுக்கீட்டு ஆணை அரசிதழில் வெளியான வாரத்திலேயே நீதிமன்றத்துக்குப் போய்விடுங்கள்.